ஜப்பானியப் பெண்களின் காதல் கதைகளை எங்கிருந்து தொடங்குவது

இலங்கையின் ஹட்டனில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பெரிய பிள்ளைகள் 'யூரி' காமிக்ஸை, அதாவது பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் ஜப்பானியப் படக்கதைகளை, எங்கிருந்து தொடங்குவது என்றுதான் கேட்கிறார்கள். புதிதாக வந்ததை முதலில் எடுக்காதீர்கள். நூறு வருடம் பின்னே போங்கள்.

யோஷியா நொபுகோ 1916 முதல் பெண்பிள்ளைகளின் சஞ்சிகையில் 'ஹனா மொனொகாதாரி' என்று பூவுக்கொரு கதையாக எழுதினார். அதில் 'மஞ்சள் ரோஜா' ஆங்கிலத்தில் தனி மின்னூலாக வந்திருக்கிறது. ஓர் இளம் ஆசிரியையும் மாணவியும் சேர்ந்து அமெரிக்கா போகக் கனவு காண்கிறார்கள். மாணவியின் வீட்டில் கல்யாணம் பேசிவிடுகிறார்கள்.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு கதைக்கும் ஒரே கேள்வி எழுதுங்கள்: இவர்களைப் பிரித்தது எது? அந்தக் காலத்தில் பெரும்பாலும் கல்யாணம், இல்லாவிட்டால் படிப்பு முடிவது. மூத்த மாணவிக்கும் இளையவளுக்கும் இடையே ஓடிய கடிதங்களைப் பெரியவர்கள் கண்டுகொள்ளவில்லை, தானாக ஓய்ந்துவிடும் என்று. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிகிற நாளில் நாம் அழுதழுது ஆட்டோகிராப் எழுதுவோமே, அதுபோல. யோஷியாவுக்கு அது ஓயவில்லை. தன் காதலி மொன்மா சியோவுடன், தான் 1973இல் இறக்கும்வரை ஏறத்தாழ ஐம்பது வருடம் வாழ்ந்தார். மணமுடிக்கச் சட்டம் இடம் தராததால் 1957இல் சியோவைத் தத்தெடுத்துக்கொண்டார். அவர் எழுதிய முடிவுகளைவிட இது எனக்குப் பிடிக்கும்.

அடுத்து காமிக்ஸ். பக்கங்களை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். யமகிஷி ரியோகோ 1971இல் வரைந்த 'ஷிரோய் ஹேயா நோ ஃபுதாரி' பிரான்ஸின் விடுதிப் பள்ளியொன்றில் நடக்கிறது. ஊர்ப்பேச்சுக்குப் பயந்து ஒருத்தி விலக, மற்றவள் செத்துப்போகிறாள். இந்த மாதிரி ஒப்பாரி ஒன்று போதும்; அடுக்கடுக்காக வாசித்தால் சலித்துவிடும். தொண்ணூறுகளுக்கு 'சேலர் மூன்' கதையின் காதல் ஜோடி ஹருகா, மிச்சிருவைப் பார்த்தாலே போதும்.

கடைசியாக நகாதானி நியோவின் 'யாகதே கிமி நி நாரு' (2015–2019), எட்டுத் தொகுதிகள். இங்கே கொப்பியில் எழுத ஒன்றும் அகப்படாது. வீட்டாரும் பிரிக்கவில்லை, சாவும் வரவில்லை. தனக்குக் காதல் வருமா என்று ஒருத்திக்கே தெரியாததுதான் சிக்கல்.

தோட்டத்து லயத்தின் ஒற்றைக் காம்பராவில் தோளுக்கு மேலே நாலு பேர் எட்டிப்பார்ப்பார்கள் என்றால் படமில்லாத நாவலே வசதி. நம் தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவை, ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்குவதை, 1995இல் திருத்திப் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அது செயலைத்தான் பிடிக்கும், வாசிப்பை அல்ல. ஆனாலும் இரவல் கொடுக்கும்போது ஆள் பார்த்துக் கொடுங்கள்.