பீப்பாய் வீரியம் குறைக்காத அக்ரிகோல் ரம்: சுவைத்துப் பார்க்கும் முறை

கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவின் அக்ரிகோல் ரம்முக்கு மூலப்பொருள் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) அல்ல, புதிதாகப் பிழிந்த கருப்பஞ்சாறு. 1996 முதல் இதற்குப் பிரெஞ்சு ஏ.ஓ.சி. விதிகள் உண்டு, அதாவது எங்கே, எப்படித் தயாரிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் விதிகள். லேபிளில் ‘வியூ’ (முதிர்ந்தது) என்று போட வேண்டுமானால் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்திருக்க வேண்டும். ‘ப்ருட் து ஃப்யூ’ என்றிருந்தால், தண்ணீர் சேர்த்து வீரியத்தைக் குறைக்காமல் அடைத்தது. ஆல்கஹால் 60 சதவீதத்தைத் தொடும் பாட்டில்களும் உண்டு.

வாய் குறுகிய டியூலிப் கிளாஸ் இரண்டு, தண்ணீரை அளந்து சேர்க்க ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்ச், அறை வெப்பத்தில் நல்ல குடிநீர் போதும். ஐஸ் போட்டால் வாசம் எழும்பாது.

ஒவ்வொரு கிளாஸிலும் 10 மி.லி. ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். ஒயினைப் போலச் சுழற்றாதீர்கள். ஆல்கஹால் ஆவி மேலே கிளம்பி மற்ற வாசங்களை மூடிவிடும். (60 சதவீத ரம் 20 மி.லி., வழக்கமான 40 சதவீத ரம் 30 மி.லி.க்குச் சமம். வண்டி ஓட்ட வேண்டிய நாளில் வேண்டாம்.)

மூக்கைக் கிளாஸுக்குள் விடாமல், விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். சுள்ளென்று எரிந்தால் உடனே விலகுங்கள். மூக்கு மரத்துவிட்டால் எதுவும் பிடிபடாது. பச்சைக் கரும்பும் புல் வாசமும் சாற்றிலிருந்து வருபவை. வனிலாவும் கிராம்பும் மரத்திலிருந்து. கரும்பு வாசம் அறவே இல்லையென்றால் மரம் மீறிவிட்டது என்று பொருள். கரீபிய வெப்பத்தில் மரத்தின் சாரம் வேகமாக இறங்கும், அதனால் வயது கூடியதெல்லாம் உயர்ந்தது என்று நம்ப வேண்டாம்.

முதல் கிளாஸில் கால் ஸ்பூன் அளவு உறிஞ்சி, நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். அது வாயைப் பழக்கத்தான். காந்தல் அடங்கியபின் எடுக்கும் இரண்டாவது மிடறை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது கிளாஸுக்கு உரியது தண்ணீர். தண்ணீர் சேர்ப்பது ரம்மைக் கெடுப்பதல்ல. இந்த வீரியத்தில் ஒளிந்திருக்கும் வாசங்களை அதுதான் வெளியே கொண்டுவரும். 60 சதவீத ரம்மானால் 2 மி.லி. சேர்த்தால் 50க்கு இறங்கும், இன்னும் 1 மி.லி. சேர்த்தால் 46க்கு. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பொறுத்து, முதல் கிளாஸோடு ஒப்பிட்டு முகருங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சுவை சப்பென்றாகி மரக்கசப்பு துருத்தும். திரும்ப எடுக்க வழியில்லை. லேசாகக் கலங்கினால் பயம் வேண்டாம். வீரியம் குறையும்போது எஸ்டர்கள் என்ற வேதிச் சேர்மங்கள் கரையாமல் பிரிவதால் வரும் கலங்கல் அது.

காலியான கிளாஸைக் கழுவாமல் பத்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள், மரத்தின் வாசம் அப்போதுதான் தனியாகத் தெரியும்.

பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் இந்த வீரியம் கார்க்கை அரித்துவிடும்.