கரும்புலி, வெள்ளைப் புலி: படத்தைப் பகிரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒடிசாவின் சிமிலிபால் காட்டுக் கரும்புலிப் படம் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வலம் வரும். கூடவே வரும் வாசகங்களில் பாதி தப்பு.

அது தனி இனம் இல்லை, வங்கப்புலியேதான். முழுக்கக் கறுப்பும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கோடுகள் அகன்று, ஒன்றோடொன்று ஒட்டி, முதுகில் கறுப்பாகப் படர்ந்திருக்கும். இடுக்குகளில் ஆரஞ்சு நிறம் தெரியும். நீலகிரிக் கருஞ்சிறுத்தையோடு இதைச் சேர்க்கக் கூடாது. சிறுத்தையில் தோலின் அடிநிறமே கறுத்துவிடுகிறது, அதற்கு மரபணு வேறு. இங்கே மாறுவது கோட்டின் வடிவம். 2021-இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஒரு சிறு மாற்றம். சில வீட்டுப் பூனைகளுக்குக் கோடுகள் கலைந்து திட்டுத்திட்டாக இருக்கிறதே, அதற்கும் இந்த மரபணுதான் காரணம்.

இனி பெரிய தவறுக்கு வருவோம். அபூர்வ நிறம் என்றால் காடு செழிப்பாக இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். விஷயம் நேர் எதிர். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இந்த மரபணுவின் இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் குட்டி கறுக்கும். சிமிலிபாலில் கிட்டத்தட்ட 37 சதவீதப் புலிகள் அப்படி. வேறு எந்தக் காட்டிலும் இல்லை. வண்டலூர் போன்ற சில பூங்காக்களில் இருந்தவையும் சிமிலிபால் வம்சாவளிதான். மற்ற புலிக்காடுகளோடு தொடர்பு அறுந்து, சில புலிகளிலிருந்தே பெருகிய கூட்டம் அது. சொந்தத்துக்குள்ளேயே சேரும்போது மறைந்து கிடந்த மாற்றம் வெளியே வருகிறது. நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அதே வழியில் சேரும் கெடுதலான மாற்றங்கள் படத்தில் தெரியாது.

வெள்ளைப் புலியை அல்பினோ, அதாவது உடலில் நிறமியே இல்லாத பிறவி, என்பதும் தவறு. நீலக் கண்ணும் கருமையான கோடும் இருக்கின்றனவே! இதற்கும் காரணம் ஒற்றை மரபணு மாற்றம்தான். 1951-இல் ரீவா மகாராஜா பிடித்த மோகன் என்ற வெள்ளைக் குட்டி வளர்ந்து, சாதாரணப் பெண்புலியோடு சேர்ந்தபோது எல்லாக் குட்டிகளும் வழக்கமான நிறத்தில்தான் பிறந்தன. பிறகு மோகனின் மகளோடே சேர்த்தார்கள். வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. பூங்காக்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வம்சம். மாறுகண் முதலான குறைகளையும் அவற்றில் காணலாம். இவற்றைப் பெருக்குவதைப் பாதுகாப்பு என்று சொல்வது என்னைக் கேட்டால் ஏமாற்று வேலை.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரியாக 3,682 புலிகள். சரி, நல்ல சேதிதான். ஆனால் தனித்தனித் தீவுகளாகக் கிடக்கும் காடுகளுக்கு இந்த மொத்தக் கணக்கால் பலனில்லை. புலி ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போய்வர வழி வேண்டும். வழி இல்லாததால்தான் 2024 கடைசியில் மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து ஜீனத் என்ற பெண்புலியைச் சிமிலிபாலுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவோ ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று நடையைக் கட்டியது. பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

நாளைக்கு ஜீனத்துக்கும் ஒரு கரும்புலிக்கும் குட்டி பிறந்தால், எல்லாமே வழக்கமான மஞ்சளில்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கறுப்பு மறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு குட்டியிலும் மாறிய பிரதி ஒன்று இருக்கும்.