ஜாஸ் கத்துக்கிட்டவங்க பாட்டு போடவும் ப்ரொட்யூஸ் பண்ணவும் வர்றது எப்படி: குவின்சி ஜோன்ஸ் ரூட்டை வச்சு ஒரு கைடு

ஜாஸ் நல்லா வாசிக்கிற ஆளுங்க பாட்டு போட உக்காந்தா பெரும்பாலும் பாட்டு வராது, வாசிப்புதான் வரும். பாருக்கு (தாளத்தோட ஒரு சுத்துக்கு) ரெண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுக் கூட்டம்), எல்லாத்துலயும் நைன்த், தேர்ட்டீன்த்னு கூடுதல் நோட்டு, நடுவுல ஒரு கார்டுக்கு பதிலா வேற கார்டு வைக்கிற சப்ஸ்டிட்யூஷன் வேற, கூட வாசிக்கிற ஃப்ரெண்டு கேட்டுட்டு "மச்சி செம"ன்னு சொல்லுவான், ஆனா அதையே பாடுறவங்ககிட்ட குடுத்தா எங்க மூச்சு விடறதுன்னு தெரியாம முழிப்பாங்க. அந்த மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்குதான் இதை எழுதறேன். ஜாஸை தலைமுழுகுங்கன்னு சொல்லல, அதை பாட்டுக்குள்ள எங்க ஒளிச்சு வைக்கணும்னுதான் சொல்ல வர்றேன்.

உதாரணத்துக்கு முக்கியமா குவின்சி ஜோன்ஸை எடுத்துக்கறேன். 1933ல சிகாகோல பிறந்து 2024 நவம்பர்ல 91 வயசுல போனவர், ட்ரம்பெட் பையன், அரேஞ்சர், ரெக்கார்ட் கம்பெனி ஆள், சினிமா பின்னணி இசை, அப்புறம் மைக்கேல் ஜாக்சன் ஆல்பங்கள்னு ஒவ்வொரு படியா ஏறினவர், அதனால எந்தப் படியில என்ன கத்துக்கணும்னு அவரை வச்சு சொல்றது ஈஸி. நடுநடுவுல நைல் ராட்ஜர்ஸ், க்ரெக் கர்ஸ்டின்ங்கிற ரெண்டு ப்ரொட்யூசர்களும் (பாட்டோட ரெக்கார்டிங்கை முழுசா நடத்துறவங்க) வருவாங்க, அவங்களும் ஜாஸ்ல இருந்து வந்தவங்கதான்.

முதல்ல தலைக்கனத்தை இறக்கி வைங்க

இது இல்லாம மத்தது எதுவும் வேலைக்கு ஆகாது. நைல் ராட்ஜர்ஸ் சின்ன வயசுல நியூயார்க்ல டெட் டன்பார்ங்கிற ஜாஸ் கிட்டாரிஸ்ட்கிட்ட கத்துக்கிட்டிருந்தார். ஒருநாள் கிளாஸ்ல வந்து "நைட்டு கச்சேரில அந்த 'சுகர் சுகர்' பாட்டையெல்லாம் வாசிக்கணும் சார்"னு சலிச்சுக்கிட்டார், அது கார்ட்டூன் பேண்டுக்காக போட்ட சாதாரண பாப் பாட்டு, ஆனா 1969ல பயங்கர ஹிட்டு. வாத்தியார் சொன்னது என்னன்னா ஹிட் லிஸ்டுல டாப் 40க்குள்ள வந்த எந்தப் பாட்டா இருந்தாலும் அது நல்ல கம்போசிஷன்தான், முன்ன பின்ன தெரியாத லட்சக்கணக்கான பேர் மனசுகிட்ட அது பேசுதுல்ல. நைல் இதை பல பேட்டில சொல்லியிருக்கார், கொஞ்ச நாள்லயே "எவ்ரிபடி டான்ஸ்"ங்கிற பாட்டை எழுதிட்டேன்னும் சொல்றார்.

அதனால முதல் வீட்டுப்பாடம் இதுதான். உங்களுக்குப் பிடிக்காத, ஆனா ஊரே கேக்குற ஒரு பாட்டை எடுங்க, சோலோவை நோட்டு நோட்டா எழுதி எடுப்பீங்கல்ல, அதே சிரத்தையோட இதை எழுதி எடுங்க. ஆனா நோட்டு வேண்டாம். எத்தனாவது பார்ல என்ன வாத்தியம் உள்ள வருது, எது வெளிய போகுது, ரெண்டாவது சரணத்துல முதல் சரணத்தை விட என்ன கூடியிருக்கு, பல்லவி மெலடில ரொம்ப மேல போற நோட்டு எந்த வார்த்தை மேல விழுது, இவ்வளவுதான். பத்துப் பாட்டுக்கு இதைப் பண்ணினாலே கேக்குற காது மாறிடும், "இதுல என்ன இருக்கு நாலு கார்டுதானே"ங்கிற பேச்சும் நின்னுடும்.

அரேஞ்சிங்தான் பாலம்

வாசிக்கிறதுல இருந்து நேரா ப்ரொட்யூசிங்குக்கு தாவினவங்க கம்மி, நடுவுல அரேஞ்சிங் (எந்த வாத்தியம் எப்ப என்ன வாசிக்கணும்னு பிரிச்சு எழுதறது) இருக்கும். குவின்சி 14 வயசுல சியாட்டில்ல பாடகர் ரே சார்ல்ஸோட பழகினார், அப்ப ரேவுக்கே 16 வயசுதான், பேண்டுக்கு எப்படி பிரிச்சு எழுதறதுன்னு அங்கேயே கேட்டு கேட்டு கத்துக்க ஆரம்பிச்சார். அப்புறம் பாஸ்டன்ல படிப்பு, லயனல் ஹாம்ப்டன் பேண்டுல ட்ரம்பெட், 1956ல டிஸி கில்லெஸ்பி பேண்டு அமெரிக்க அரசாங்கம் அனுப்பி டூர் போனப்ப அதுக்கு மியூசிக் டைரக்டர், 1957ல பாரிஸ்ல இசை ஆசிரியை நாடியா பூலாஞ்சேகிட்ட கம்போசிஷன். இவ்வளவையும் பார்த்தா அவர் சோலோ ஸ்டார் ஆக எங்கயும் முட்டி மோதல, எந்த வாத்தியம் எங்க பேசணும் எங்க வாயை மூடணும்னுதான் கத்துக்கிட்டே இருந்தார்.

நீங்க பண்ண வேண்டியது, கிடைக்கிற பேண்டுக்கெல்லாம் எழுதிக் குடுங்க. காலேஜ் கல்ச்சுரல்ஸ், சர்ச் கொயர், லைட் மியூசிக் ட்ரூப், ஃப்ரெண்டோட கல்யாண ரிசப்ஷன், எதுவா இருந்தாலும் சரி. மூணே மூணு ஹார்ன் இருந்தா மூணையும் எப்பவும் ஊத விடாதீங்க, பாடுறவங்க வரி முடிச்சு மூச்சு எடுக்குற கேப்ல மட்டும் ஊத விட்டுப் பாருங்க. ப்ரொட்யூசிங்கோட பாதி வேலை அந்த கேப்பை பார்க்கத் தெரியறதுதான்.

மெட்டு: கருவியை மூடி வைங்க

கீபோர்டு முன்னாடி உக்காந்தா கை பழகின வழிக்கே போகும், டூ ஃபைவ் ஒன், டூ ஃபைவ் ஒன்னு (ஜாஸ்ல அடிக்கடி வர்ற கார்டு வரிசை) சுத்திக்கிட்டே இருக்கும். அதனால மெட்டை வாயில பாடி போன்ல பதிவு பண்ணுங்க, தத்தகாரமா இருந்தா போதும், தனனா தானனா. நடந்துக்கிட்டே பாடுங்க. மறுநாள் போனைப் பாக்காம ஞாபகத்துல இருந்து பாட முடிஞ்சா அந்த மெட்டை வச்சுக்கலாம், முடியலன்னா தூக்கிடுங்க, அழகா இருக்கேன்னு பாவம் பாக்காதீங்க.

அதுக்கப்புறம் கார்டு போடுங்க, மூணோ நாலோ போதும். க்ரெக் கர்ஸ்டின் நியூயார்க்ல ஜாக்கி பையர்ட்கிட்ட பியானோ படிச்சவர், பையர்ட் மிங்கஸ் பேண்டுல வாசிச்ச ஜாம்பவான், அப்படிப்பட்டவர்கிட்ட படிச்ச மனுஷன் பாடகி அடெலோட சேர்ந்து எழுதின "ஹலோ"வோட சரணம் எஃப் மைனர், ஏ ஃப்ளாட், ஈ ஃப்ளாட், டி ஃப்ளாட், அவ்வளவுதான், சுத்தி சுத்தி அதேதான் வரும். கார்டு தெரியாமலா அப்படி போட்டார்? அங்க குரல்தான் நிக்கணும்னு முடிவு பண்ணியிருக்கார். அந்தப் பாட்டுல பெரும்பாலான வாத்தியமும் அவரே வாசிச்சதுதான், அந்த ஆளால எவ்வளவு வேணாலும் காட்டியிருக்க முடியும்.

அப்ப படிச்ச ஜாஸ் எங்க போகும்னா, வாய்ஸிங்ல (கார்டோட நோட்டுகளை எந்த வரிசையில, எந்த ஸ்தாயில அடுக்கறதுங்கிறது) போகும், ரிதம்ல போகும். 1983ல வெளிவந்த "லெட்ஸ் டான்ஸ்" பாட்டை பாடகர் டேவிட் போவி முதல்ல கிட்டார்ல ஏதோ நாட்டுப்பாட்டு மாதிரி வாசிச்சுக் காட்டினார், நைல் ராட்ஜர்ஸ் அதோட கார்டுகளை மேல் ஸ்தாயிக்கு தூக்கி, ஜாஸ் வாய்ஸிங் போட்டு, வெட்டி வெட்டி வாசிச்சு டான்ஸ் பாட்டா ஆக்கிட்டார், பாட்டு அதேதான், உடம்புதான் வேற. குவின்சி ப்ரொட்யூஸ் பண்ணின மைக்கேல் ஜாக்சன் பாட்டு "பில்லி ஜீன்" ஆரம்பத்தை கேட்டீங்கன்னா பேஸ் எஃப் ஷார்ப்பை சுத்தியே ஓடும், அதுக்கு மேல கீபோர்டு எஃப் ஷார்ப் மைனர், ஜி ஷார்ப் மைனர், ஏ, திரும்ப ஜி ஷார்ப் மைனர்னு நகரும், கேக்குறவனுக்கு ஒரு கார்டு மாதிரிதான் படும், ஆனா உள்ள ஒரு அரிப்பு இருந்துகிட்டே இருக்கும். இதை வாசிச்சுப் பாருங்க, உங்க டூ ஃபைவ் ஒன்னை விட கஷ்டம்.

பாட்டு தேர்ந்தெடுக்கறதும் ப்ரொட்யூசர் வேலைதான்

எல்லாத்தையும் நானே எழுதுவேன்னு நிக்காதீங்க. மைக்கேல் ஜாக்சனோட "த்ரில்லர்" ஆல்பத்துல மொத்தம் ஒன்பது பாட்டு, ஒன்னு கூட குவின்சி தனியா எழுதினது இல்ல, ராட் டெம்பர்டன்ங்கிற இங்கிலாந்துக்காரர் எழுதினது இருக்கு, மைக்கேலே எழுதினது இருக்கு. அதுல "ஹியூமன் நேச்சர்" பாட்டு உள்ள வந்த கதை இன்னும் ஜோர். டோட்டோ பேண்டு ஆளுங்க அனுப்பின கேசட்டை போட்டு கேட்டுக்கிட்டிருந்தாங்க, அனுப்பின பாட்டு முடிஞ்சும் டேப்பை நிறுத்தல, பின்னாடி ஸ்டீவ் போர்காரோ அரைகுறையா பாடி வச்ச ஒரு மெட்டு ஓடிச்சு, குவின்சி அதைத்தான் பிடிச்சுக்கிட்டார், வரிகளை ஜான் பெட்டிஸ் வந்து எழுதினார். உங்களுக்கு யாராவது அஞ்சு டெமோ அனுப்பினா அவங்க "இதுதான் பெஸ்ட்"னு சொல்றதை மட்டும் கேட்டுட்டு மூடாதீங்க, குப்பைன்னு ஒதுக்கினதையும் அனுப்பச் சொல்லுங்க.

பாடுறவங்க ஸ்ருதி

ஜாஸ்ல இருந்து வர்றவங்க ரொம்ப அலட்சியம் பண்றது இதைத்தான். தனக்கு வாசிக்க வசதியா இருக்குற கீயில பாட்டைப் போட்டுட்டு பாடுறவங்களை அதுக்கு இழுக்கறது. "ஆஃப் த வால்" ஆல்பம் பண்ணினப்ப குவின்சி மைக்கேலுக்கு சில பாட்டுல கீயை மைனர் தேர்ட் இறக்கிப் பார்த்தேன்னு சொல்லியிருக்கார், அதாவது மூணு செமிடோன், நம்மூர் கணக்குல ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை. மேலயும் கீழயும் குரலுக்கு இடம் கிடைச்சு, சின்னப் பையன் குரல்ங்கிற அடையாளத்துல இருந்து அவர் வெளிய வந்தார்.

செய்முறை சிம்பிள்தான். பல்லவியை அசல் கீயில பாட வைங்க, அப்புறம் அரைக் கட்டை ஏத்தி, அரைக் கட்டை இறக்கி, இன்னும் ஒரு தடவை இறக்கி, எல்லாத்தையும் பதிவு பண்ணிட்டு எது எந்த கீன்னு சொல்லாம அவங்களையே கேக்க வைங்க. சரணம் முணுமுணுப்பா கீழ நிக்கணும், பல்லவியோட உச்ச நோட்டு கொஞ்சம் இழுபட்டா நல்லது, கிழியக் கூடாது. கீ மாறி கிட்டாரிஸ்ட் திட்டினா திட்டட்டும், ஸ்ருதி மாத்த கிட்டார்ல மாட்டுற கேப்போ இருக்கு.

இன்னொன்னு, பாடுறவங்க சொல்றதை கேளுங்க. பில்லி ஜீன் ஆரம்ப இசை ரொம்ப நீளம், வெட்டுன்னு குவின்சி சொன்னார், மைக்கேல் "அதைக் கேட்டாதான் எனக்கு ஆடத் தோணுது"ன்னார், மைக்கேல் ஜாக்சனே ஆடத் தோணுதுன்னு சொன்ன பிறகு மத்தவங்க என்ன சொல்றதுன்னு குவின்சி விட்டுட்டார். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அனுபவம் இருந்த மனுஷன் அன்னைக்கு விட்டுக்குடுத்ததால அந்த நீளமான ஆரம்பம் தப்பிச்சது.

ரெக்கார்டிங், மிக்ஸ்

ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் லாஜிக்கா ஏபிள்டனா ரீப்பரான்னு சண்டை போடாதீங்க, ஒன்னை எடுத்து ஒரு வருஷம் மாத்தாம இருங்க, அவ்வளவுதான் அதுல பேச இருக்கு. மிக்ஸுக்கு (பதிவு பண்ணின எல்லாத்தையும் அளவு பார்த்து ஒன்னா சேர்க்கறது) உங்களை விட நல்ல காது உள்ள ஒருத்தரை சீக்கிரமே கூட வச்சுக்குங்க. குவின்சிக்கு சவுண்ட் இன்ஜினியர் ப்ரூஸ் ஸ்வீடியன் இருந்தார், பில்லி ஜீனுக்கு 91 மிக்ஸ் போட்டு, கடைசில எல்லாரும் திரும்பக் கேட்டப்ப ரெண்டாவது மிக்ஸ்தான் நல்லா இருக்குன்னு அதையே எடுத்ததா அவரே சொல்லியிருக்கார். அதனால ஒவ்வொரு மிக்ஸையும் நம்பர் போட்டு தனி ஃபைலா வைங்க, "ஃபைனல் ஃபைனல் நியூ"ன்னு பேர் வச்சா ரெண்டாவது எதுன்னு யாருக்கும் தெரியாது.

த்ரில்லர்ல இன்னொரு கூத்தும் நடந்துச்சு. ஆல்பம் முடிஞ்சுதுன்னு மாஸ்டர் பண்ணி (வெளியீட்டுக்கான கடைசி ஒலி வேலையை முடிச்சு) கேட்டா சவுண்டு செத்துப் போயிருந்தது. காரணம் எல்பி ரெக்கார்டுல ஒரு பக்கத்துக்கு ரொம்ப நேரம் பாட்டை ஏத்திட்டாங்க, நேரம் கூடக் கூட பள்ளங்களை நெருக்கி நெருக்கி வெட்டணும், அப்ப லெவலும் பேஸும் குறைஞ்சுடும். ரிலீஸ் தலைமேல இருந்தும் திரும்ப உக்காந்து ஒரு பாட்டுல ஒரு சரணத்தையே தூக்கி, அங்கங்க வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு பாட்டுன்னு மறுபடி மிக்ஸ் பண்ணித்தான் 1982 நவம்பர் கடைசில வெளியிட்டாங்க. இப்ப எல்பி கணக்கு இல்ல, ஆனா வெட்டுற வேலை அப்படியேதான் இருக்கு. ரெண்டாவது இன்டர்லூட்ல உங்க எட்டு பார் சோலோ இருக்குல்ல, அதை எடுத்துட்டு ஒரு வெர்ஷன் போட்டு, பாட்டைத் தெரியாத ஒருத்தருக்கு ரெண்டையும் போட்டுக் காட்டுங்க. நாலு பார் மிஞ்சினாலே அதிசயம்.

காசு விஷயம்

1959ல குவின்சி ஒரு மியூசிக்கல் ஷோவுக்காக பெரிய ஜாஸ் பேண்டோட ஐரோப்பா போனார், ஷோ பாதில ஊத்திக்கிச்சு, பேண்டை கலைக்க மனசில்லாம தானே டூர் நடத்தினார், அருமையான பேண்டு, ஆனா சாப்பாட்டுக்கே கஷ்டம், திரும்பி வந்தப்ப ஒரு லட்சம் டாலருக்கு மேல கடன். மியூசிக் வேற, மியூசிக் பிசினஸ் வேறன்னு அப்பதான் புரிஞ்சதுன்னு பின்னாடி சொன்னார். மெர்குரி ரெக்கார்ட்ஸ் கம்பெனி ஆபீஸ் வேலை குடுத்தது, அங்கதான் 1963ல லெஸ்லி கோர்ங்கிற பள்ளிக்கூடப் பொண்ணை வச்சு "இட்ஸ் மை பார்ட்டி"ன்னு நம்பர் ஒன் ஹிட் குடுத்தார். ஜாஸ் ஆளுங்க சில பேர் மூஞ்சி சுளிச்சாங்க, அவர் கண்டுக்கல, அடுத்த வருஷமே பாடகர் சினாட்ராவும் ஜாஸ் பேண்டு லீடர் கவுன்ட் பேஸியும் சேர்ந்த ஆல்பத்துக்கு அரேஞ்ச்மென்ட் எழுதினார், அந்த வருஷமே மெர்குரில வைஸ் பிரசிடென்ட்டும் ஆனார்.

உங்களுக்கு நான் சொல்றது, ரூமை விட்டு எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஸ்ப்ளிட் ஷீட் போடுங்க. பாட்டு பேர், தேதி, மெட்டு யாருக்கு எத்தனை சதவீதம், வரி யாருக்கு எத்தனை, எல்லார் கையெழுத்தும், வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. பாட்டோட உரிமை ஒன்னு, அந்த ரெக்கார்டிங்கோட உரிமை வேற ஒன்னு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. வெறும் ப்ரொட்யூசரா மட்டும் இருந்தா ஃபீஸ் உண்டு, பேசி வாங்கினா ரெக்கார்டிங் வருமானத்துல ஒரு பங்கும் உண்டு, மெட்டுலயோ வரியிலயோ உங்க கை இருந்தாதான் பாட்டு ராயல்டி. இந்தியால இருக்குறவங்க ஐபிஆர்எஸ்ல (கம்போசர், பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலிச்சுத் தர்ற அமைப்பு) மெம்பர் ஆகி பாட்டைப் பதிவு பண்ணிடுங்க. 2012 காப்பிரைட் திருத்தத்துக்கு அப்புறம் கம்போசரும் பாடலாசிரியரும் தங்களோட ராயல்டி பங்கை கம்பெனிக்கு மொத்தமா எழுதிக் குடுக்க முடியாது, அதனால "எல்லா உரிமையும் எங்களுக்கே"ன்னு ஒரு காகிதத்தை நீட்டினா உடனே கையெழுத்து போடாம ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. செஷனுக்கு வந்து வாசிச்சவங்க பேரையும் அன்னைக்கே குறிச்சு வைங்க, க்ரெடிட் கேட்டு அவங்க ஆறு மாசம் கழிச்சு போன் பண்ணும்போது ரெண்டாவது ட்ரம்பெட் யாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்காது.