கப்பல் நிற்கும் ஊரில் இறங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மதுரையில் பத்துப் பேர் சேர்ந்து டூர் கிளம்பினால் அது வேன் டூர்தான். ராமேஸ்வரத்துக்கு விடியுமுன் கிளம்பி, மானாமதுரையில் டீ குடித்து, பாம்பன் பாலத்தில் படம் எடுத்து, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடிக்கலாம். திரும்பும் வழியில் யாராவது "ஒரு எட்டு தேவிபட்டினமும் பாத்துருவோமே" என்றால் அதையும் பார்க்கலாம். நேரமானால் டிரைவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். நம்மை விட்டுவிட்டு வேன் போகாது.

இதே பழக்கத்தோடு நம்மவர்கள் இப்போது கப்பல் ஏறுகிறார்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் பயணிகள் கப்பல் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நிறுத்தங்கள். அதைவிட அதிகம் பேர் சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கே கப்பலேறி, மலேசியாவின் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், தாய்லாந்தின் புக்கெட் என்று சுற்றி வருகிறார்கள். எங்கள் குடும்பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் போய்வந்தோம். கப்பலுக்குள் என்ன சாப்பாடு, எந்த மாடியில் நீச்சல்குளம் என்று ஆறு மாதம் விசாரித்தோம். இறங்கப் போகும் ஊரைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. பெரிய தவறு அதுதான்.

"காலை 8 முதல் மாலை 5 வரை" என்று கப்பல் தாளில் போட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாக நினைக்கிறோம். எட்டு மணிக்குக் கப்பல் துறையில் கட்டப்படும். குடியேற்றச் சோதனை முடிந்து, நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நகர்ந்து, நீங்கள் வெளியே வரும்போது ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். ஐந்து மணி என்பது கப்பல் கிளம்பும் நேரம். பயணிகள் உள்ளே இருக்க வேண்டிய கடைசி நேரம் அதற்கு அரை மணி, சில சமயம் ஒரு மணி முன்னதாகவே முடிந்துவிடும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் துறைமுக வாசலில் நிற்பதுதான் நல்லது. கூட்டிக் கழித்தால் ஆறு மணி நேரம் தேறினாலே பெரிது.

இந்தக் கணக்கு கிள்ளான் துறைமுகத்தில்தான் ரொம்பச் சோதிக்கும். நம்மூர்க்காரர் மலேசியாவில் கால் வைத்துவிட்டு பத்துமலை முருகனைப் பார்க்காமல் திரும்புவாரா? 140 அடி உயரச் சிலை, 272 படி. துறைமுகத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். "திண்டுக்கல் போற தூரங்கூட இல்லையே" என்று தோன்றும். ஆனால் நடுவில் கோலாலம்பூர் நெரிசல் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரத்தில் போன அதே பாதை, மாலையில் இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். போகலாம், கட்டாயம் போங்கள். ஆனால் பத்துமலை மட்டும் போதும். இரட்டைக் கோபுரம், கடைத்தெரு, அப்புறம் நல்ல சாப்பாடு என்று சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். திட்டத்தை முடிவிலிருந்து போடுங்கள்: வாசலுக்குத் திரும்ப வேண்டியது எத்தனை மணி, அதற்குக் கோவிலை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பின்னோக்கி வாருங்கள்.

நாங்கள் பட்டது பினாங்கில். பினாங்குக் கொடிமலைக்கு 1923 முதல் கம்பிவட ரயில் ஓடுகிறது. ஏறுவதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டோம். இறங்குவதற்கும் அதே அளவு வரிசை நிற்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேலே போன அத்தனை பேரும் அந்த ஒரே ரயிலில்தானே இறங்கியாக வேண்டும்! அப்பாவுக்குச் சர்க்கரை. மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனதில் வரிசையில் நிற்கும்போதே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. யாரோ ஒரு அம்மா கொடுத்த பழச்சாறுதான் அன்றைக்குக் காப்பாற்றியது. கடைசி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது கப்பலுக்குள் நுழைந்தோம். அந்த ஓட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

அடுத்தது கடிகாரம். சிங்கப்பூரும் மலேசியாவும் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்து ஒன்றரை மணி நேரம்தான் முன்னால். புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், போன் மூன்று மணி காட்டும்போது கப்பலில் நான்கு மணி. சில கப்பல்கள் நேரத்தை மாற்றும், சில மாற்றாது. இறங்கும் வாசலில் நிற்கும் ஊழியரிடம் "கப்பல் நேரம் என்ன?" என்று கேட்டு, ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தை அதற்குச் சரிசெய்து கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் அந்த வேலையை அப்பாவின் பழைய எச்எம்டி பார்த்தது.

கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலா விலை அதிகம்தான். வெளியே பாதி விலைக்குக் கார் கிடைக்கும். ஆனால் அவர்கள் பேருந்து தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளியாள் வண்டியில் போனால் அந்த உத்தரவாதம் கிடையாது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கரையோரம் சாவோ தோமே என்ற தீவில் இப்படித்தான் தனியார் சுற்றுலா போன எட்டுப் பயணிகளை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. நாடு நாடாக அலைந்து, பல நாள் கழித்து செனகலில் போய்த்தான் கப்பலைப் பிடித்தார்கள். அதனால் என் யோசனை இது: பத்துமலை மாதிரித் தொலைவான இடத்துக்குக் கப்பல் சுற்றுலாவிலேயே போங்கள். துறைமுகமே ஊருக்குள் இருக்கும் இடத்தில் சொந்தமாகச் சுற்றுங்கள். பினாங்கில் கப்பல் துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். 1833-இல் கட்டிய மாரியம்மன் கோவில் அங்கேதான் இருக்கிறது. கொடிமலைக்குப் போகாமல் அந்தத் தெருக்களிலேயே நாளைக் கழித்திருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டோம்.

மீனாட்சியம்மன் கோவிலில் கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு மேற்கு வாசலில் வெளியே வந்து முழிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துறைமுகத்திலும் அது நடக்கும். புக்கெட்டில் சில கப்பல்கள் தீவின் மேற்கே படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போடும், சில கப்பல்கள் தென்கிழக்கே உள்ள துறைமுகத்துக்குப் போகும். டாக்சிக்காரரிடம் வெறுமனே "கப்பலுக்கு" என்றால் அவர் தனக்குத் தெரிந்த இடத்துக்கு ஓட்டுவார். இறங்கிய இடத்தின் பெயர்ப்பலகையைப் போனில் படம் எடுத்து, அதைக் காட்டுங்கள். நங்கூரம் போட்டு நின்றால் சின்னப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். அப்போது கப்பல் கிளம்பும் நேரத்தை மறந்துவிட்டு, கடைசிப் படகின் நேரத்தை மட்டும் நினைவில் வையுங்கள்.

கோவில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நம்மூரில் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நான்கு மணிக்குத் திறப்பது போல, இலங்கையிலும் பெரும்பாலான கோவில்களில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கப்பல் ஊரில் நிற்பதோ பகலில். திருகோணமலையில் இறங்கினால் முதலில் கோணேசர் மலைக்குப் போங்கள், ஞானசம்பந்தர் பாடிய தலம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது பெரிய அவமரியாதை. போலீஸ் வரை போய்விடும்.

கோவிலுக்குத்தானே என்று ஆசையாய் மதுரை மல்லியைச் சரமாகக் கட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். பூ, பழம், விதை, செடி எதையும் இன்னொரு நாட்டுக் கரையில் அனுமதியில்லாமல் இறக்கக் கூடாது. அவற்றோடு பூச்சியும் நோயும் போய்ச் சேரும் என்பதற்காக வைத்த சட்டம். அம்மா கட்டிய புளியோதரைப் பொட்டலத்துக்கும் கப்பல் உணவுக்கும்கூட வாசலிலேயே தடை இருக்கும். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பொதுவாகச் சிக்கல் வராது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது கட்டாயம்.

வெயிலைப் பற்றிச் சொன்னால் நம்மவர்கள் சிரிக்கிறார்கள். "அக்னி நட்சத்திரத்துல மாசி வீதியச் சுத்துனவங்க நாங்க!" சரி, ஆனால் அது வறண்ட வெயில். வேர்வை வேர்த்த உடனே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். பினாங்கிலும் புக்கெட்டிலும் காற்று முழுக்க ஈரம், வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். மதுரையின் 40 டிகிரியைத் தாங்குகிற உடம்பு அங்கே 32 டிகிரியில் சோர்ந்துவிடும். வயதானவர்களுக்குத் தாகமும் தெரியாது. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை நீங்களே தண்ணீர் கொடுங்கள்.

தயவுசெய்து வயதானவர்களைத் தனியாகத் திருப்பி அனுப்பாதீர்கள். 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் கப்பல் பயணிகள் மலையேறப் போனார்கள். கடும் வெயில். 80 வயது அம்மா ஒருவருக்கு முடியாமல் போய், துணையில்லாமல் கீழே இறங்கச் சொல்லப்பட்டார் என்று அவர் மகள் சொன்னார். அவர் இல்லாமலேயே கப்பல் கிளம்பிவிட்டது. தெரிந்து திரும்பி வந்து தேடினார்கள். மறுநாள் உயிரற்ற உடல்தான் கிடைத்தது. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! சொன்னால் கூட ஒருவர் உட்காருங்கள். யார் உட்காருவது என்பதைக் கப்பலிலிருந்து இறங்குமுன்பே பேசி வையுங்கள்.

கடல் குளியலிலும் கவனம் வேண்டும். அக்னி தீர்த்தத்தின் அமைதியான தண்ணீரில் முங்கிப் பழகிய நமக்கு, புக்கெட்டின் மேற்குக் கரை வேறு கடல். மே முதல் அக்டோபர் வரை அங்கே இழுப்பு அதிகம். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைக்கவும் போகாதீர்கள். இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியேற வேண்டும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கவே வேண்டாம். அடமானமாக பாஸ்போர்ட் கேட்பார்கள், உரிய லைசென்ஸ் இல்லாமல் விழுந்தால் காப்பீடும் கை கொடுக்காது.

சிங்கப்பூரில் ஏறி அங்கேயே திரும்பி இறங்குவது இரண்டாவது நுழைவு. விசா அதற்குச் செல்லுமா, வருகைப் படிவத்தை மறுபடி நிரப்ப வேண்டுமா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு தாள். கப்பலின் பெயர், இறங்கிய துறையின் பெயர், கப்பல் நேரப்படி திரும்ப வேண்டிய மணி, போர்ட் ஏஜென்ட் (அந்த ஊரில் கப்பல் கம்பெனியின் வேலைகளைப் பார்ப்பவர்) தொலைபேசி எண். இந்த எண் கப்பலில் தினமும் தரும் தாளிலேயே இருக்கும், கப்பலை விட்டுவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான். உங்கள் பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் பெரும்பாலும் அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தாளோடு பாஸ்போர்ட் நகல், இரண்டு நாள் மாத்திரை, கொஞ்சம் அந்த ஊர்ப் பணம். எட்டுப் பேர் போனால் எட்டுத் தாள் எழுதுங்கள், குழந்தைகளுக்கும் சேர்த்து. போன் சார்ஜ் தீர்ந்தாலும் தண்ணீரில் விழுந்தாலும் தாள் சட்டைப் பையில் இருக்கும்.