யாருடைய இடத்தில் நிற்கிறோம்: பிரித்தானியாவில் வேலைக்குச் சேரும் புதியவர்களுக்கு

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு வங்கிக் கணக்குத் திறப்பது, தேசிய காப்புறுதி எண் எடுப்பது, வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவரிடம் பதிவது பற்றியெல்லாம் எடுத்துச் சொல்ல ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் கிடைத்த வேலை எப்படிக் கிடைத்தது, அதற்கு முன் அதை யார் செய்துகொண்டிருந்தார் என்பதைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. ஆங்கிலம் சரளமாக வராத ஒருவருக்கு, வந்து இரண்டே வாரத்தில், எந்த நேர்முகமும் இல்லாமல் ஒரு வேலை கிடைக்கிறதென்றால், அதே வேலையைக் கூடிய சம்பளத்துக்குச் செய்த இன்னொருவர் அங்கிருந்து அனுப்பப்பட்டிருக்கலாம், அல்லது அனுப்பப்பட இருக்கலாம். இதை நான் அனுபவத்தில் அறிந்தேன்.

2003 ஜனவரியில், மேற்கு லண்டனில் சாண்ட்விச் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு, தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று என்னை அனுப்பியது. அதிகாலை ஐந்து மணிக்கு வான் வந்து ஏற்றிக்கொள்ளும். அன்றைய குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 4.20 பவுண்தான் எனக்குச் சம்பளம். வேலை பழக்கியவர் கென்யாவிலிருந்து வந்த ஒரு குஜராத்தி அம்மா. பதினெட்டு வருடமாக அதே வரிசையில் நிற்பவர். உள்ளே குளிர்சாதனப் பெட்டிக்குள் நிற்பது போலிருக்கும். பிளாஸ்டிக் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை ஒன்றையும் போட்டுக்கொள்ளாவிட்டால் பத்து மணிக்குள் விரல் மரத்துவிடும் என்று சொல்லி, தன் பையிலிருந்து ஒரு சோடி எடுத்துத் தந்தார். மூன்றாவது வாரம் சுவரில் ஒட்டியிருந்த ரோட்டாவில், அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியலில், அவருடைய பெயரும் இன்னும் பதினொரு நிரந்தரப் பணியாளர்களின் பெயர்களும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் மணிக்கு ஆறு பவுணுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பிறகு அறிந்தேன். அவரை நான் அனுப்பவில்லை. ஆனால் என்னைக் காட்டித்தான் அவரை அனுப்பினார்கள். அந்தக் கையுறையைத் திருப்பிக் கொடுக்கக்கூட எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

இது ஒரு சிறிய தொழிற்சாலைக்குள் சத்தமில்லாமல் நடந்தது. நாடு முழுவதும் பார்த்திருக்க நடந்ததும் உண்டு. 2022 மார்ச் 17 ஆம் திகதி பி அண்ட் ஓ ஃபெரீஸ் நிறுவனம் ஏறத்தாழ எண்ணூறு கப்பல் பணியாளர்களை, முன்பே பதிவு செய்த ஒரு காணொளிச் செய்தி மூலம் ஒரே நாளில் பணிநீக்கம் செய்தது. அவர்களுடைய இடத்துக்கு ஏஜென்சி மாலுமிகள் அமர்த்தப்பட்டார்கள். நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பீட்டர் ஹெபில்த்வைட் அடுத்த வாரம் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, புதியவர்களின் சராசரிச் சம்பளம் மணிக்கு 5.50 பவுண் என்றும், தொழிற்சங்கங்களுடன் கலந்து பேச வேண்டிய சட்டக் கடமையை மீறியே இதைச் செய்தோம் என்றும், மறுபடியும் இதே முடிவைத்தான் எடுப்பேன் என்றும் சொன்னார். கரையில் அப்போது குறைந்தபட்ச ஊதியம் 8.91 பவுண். கப்பல்கள் வெளிநாட்டுக் கொடியின் கீழ்ப் பதிவாகி, சர்வதேச வழித்தடத்தில் ஓடியதால் அந்தச் சட்டம் அவற்றைத் தொடவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2023 இல் கடற்பணியாளர் ஊதியச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வேலை இழந்த அந்த மாலுமிகளுக்கு அது காலம் கடந்து வந்த சட்டம். அதே கம்பனியின் பழைய வரலாற்றில், கொழும்புக்கும் பம்பாய்க்கும் ஓடிய அதன் கப்பல்களில் லஸ்கார் என்று அழைக்கப்பட்ட நம் பக்கத்து மாலுமிகள், வெள்ளை மாலுமிகளின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குக்கு நிலக்கரி அள்ளிப் போட்டார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

2005 ஓகஸ்டில் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்களுக்கு உணவு தயாரித்த கேட் கோர்மே நிறுவனத்தில், தற்காலிகப் பணியாளர்களை உள்ளே கொண்டுவந்ததை எதிர்த்து உணவறையில் கூடிய ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்தத் தகராறில் வேலை இழந்தவர்கள் அறுநூறுக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் சவுத்ஹோலைச் சேர்ந்த பஞ்சாபிப் பெண்கள். இதை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டவர் வந்து உள்ளூர்க்காரரின் வேலையைப் பறிக்கிறார் என்று பத்திரிகைகளில் படிப்பீர்கள். பேருந்தில் உங்கள் முகத்துக்கு நேரே சொல்பவர்களும் இருப்பார்கள். ஆனால் அன்று வெளியே தள்ளப்பட்டவர்களே ஒரு காலத்தில் வந்தேறிகள்தான். அவர்கள் சங்கம் சேர்ந்து, சம்பளத்தைச் சற்று உயர்த்தி, நோய் விடுப்பும் ஓய்வூதியமும் பெற்று நிமிர்ந்தபோது நிர்வாகத்துக்கு விலை கூடியவர்களாகத் தெரிந்தார்கள். இன்று நீங்கள் மலிவு. பத்து வருடம் அதே இடத்தில் நின்றால் நீங்களும் மலிவாக இருக்க மாட்டீர்கள்.

மலிவான ஆளைக் கொண்டு ஓட்டும் இந்த முறை இந்த நாட்டின் தொழில்களைக் காப்பாற்றவில்லை என்பதற்கு வட இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. இறக்குமதித் துணியுடன் போட்டியிட முடியாமல் தவித்த ஆலைகளுக்கு, பழைய இயந்திரங்களை உடைத்துப் புதியவற்றைப் பூட்டுவதற்கு 1959 ஆம் ஆண்டின் பருத்தித் தொழில் சட்டம் பணம் கொடுத்தது. புதிய இயந்திரம் போட்ட முதலை மீட்க வேண்டுமானால் அது இரவும் பகலும் ஓட வேண்டும். பெண்கள் இரவில் ஆலை வேலை செய்வதைச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது. உள்ளூர் ஆண்கள் அந்தச் சம்பளத்துக்கு இரவு ஷிப்டுக்கு வர விரும்பவில்லை. ஆகவே ஓல்டம், போல்டன், பிளாக்பர்ன் போன்ற ஊர்களின் இரவு ஷிப்டுகளைப் பாகிஸ்தான், இந்தியா, இன்றைய பங்களாதேஷ் ஆகிய இடங்களிலிருந்து வந்த ஆண்கள் நிரப்பினார்கள். இருபது வருடம் ஆலைகள் அப்படி மூச்சு வாங்கின. பிறகு எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது பகல் ஷிப்ட் வெள்ளையரும் இரவு ஷிப்ட் ஆசியரும் ஒரே தெருவில் வேலையற்று நின்றார்கள். குறைந்த கூலி தொழிலுக்குச் சற்று அவகாசம் வாங்கிக் கொடுத்தது. அந்த அவகாசத்தில் செய்திருக்க வேண்டியது போதிய அளவில் செய்யப்படவில்லை.

கூலி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். 1980 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பவுணின் மதிப்பும் வட்டி வீதமும் உயர்ந்ததால் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் கூட்டம் கூட்டமாக வீழ்ந்தன. நிறுவனங்கள் கைமாறியதும் பல இடங்களில் வினையாயிற்று: காட்பரி ஏற்கனவே மூட எண்ணியிருந்த கெயின்ஷம் தொழிற்சாலையைத் திறந்தே வைப்போம் என்று சொல்லிக் காட்பரியை வாங்கிய கிராஃப்ட், வாங்கிய சில நாட்களிலேயே 2010 பெப்ரவரியில் அதை மூடுவதாக அறிவித்தது, சொக்லட் வேலை போலந்துக்குப் போனது. டைசன் 2002 இல் தூசு உறிஞ்சி தயாரிப்பை மாம்ஸ்பரியிலிருந்து மலேசியாவுக்கு மாற்றியது. வேல்ஸின் போர்ட் டல்பட்டில் டாடா உருக்கு நிறுவனத்தின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 ஆம் திகதி அணைந்தது; அங்கு எரிசக்திச் செலவும் உலக உருக்குச் சந்தையும் பெரிய காரணங்கள். எழுபதுகளில் நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழக் கால் பங்காக இருந்த உற்பத்தித் தொழில் இன்று பத்தில் ஒன்றளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆகையால் நம்மில் பெரும்பாலோருக்கு இன்று கிடைப்பது களஞ்சியம், பராமரிப்பு இல்லம், சுத்திகரிப்பு, கடை, கணினி அலுவலகம் ஆகிய இடங்களில் வேலை. இடம் மாறினாலும் ஆளை மாற்றும் முறை மாறவில்லை.

ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் பன்னிரண்டு என்ற எண்ணை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் ஒரே வேலையைப் பன்னிரண்டு வாரம் செய்துவிட்டால், நேரடியாக அமர்த்தப்பட்டவருக்குக் கொடுக்கும் அதே அடிப்படைச் சம்பளமும் அதே விடுமுறையும் உங்களுக்கும் உரியவை. இது 2011 ஒக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம். இடையில் ஆறு வாரத்துக்கு மேல் வேலை இல்லாமல் போனால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் பதினோராவது வாரத்தில் காரணமில்லாமல் உங்களை வேறு இடத்துக்கு மாற்றினால் திகதியைக் குறித்துவையுங்கள். வேலைநிறுத்தம் செய்கிறவர்களின் இடத்தை நிரப்ப ஏஜென்சி ஆள் அனுப்புவது சட்டவிரோதம். 2022 இல் அரசாங்கம் அந்தத் தடையை நீக்கியது. 2023 இல் உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துச் செய்தது. வாசலில் பதாகையுடன் ஆட்கள் நிற்கும் இடத்துக்கு வான் உங்களைக் கொண்டுபோய் இறக்கினால், உள்ளே போகும் முன் என்ன நடக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.

பே சிலிப்பை வரி வரியாகப் படிக்கப் பழகுங்கள். 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண், 2026 ஏப்ரலிலிருந்து 12.71. சீருடைக்கென்று பிடிக்கும் காசு உங்கள் சம்பளத்தை இதற்குக் கீழே இறக்கக் கூடாது. வீடு வீடாகப் போகும் பராமரிப்புப் பணியாளருக்கு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் வேலை நேரமே. ஏஜென்சிக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று சம்பளம் தரும் அம்ப்ரெல்லா நிறுவனம் மூலம் சம்பளம் வந்தால், முதலாளி கட்ட வேண்டிய தேசிய காப்புறுதியும் உங்களுக்குச் சொன்ன தொகைக்குள்ளிருந்தே போகும். சொன்ன தொகை வேறு, கைக்கு வருவது வேறு. வருடத்துக்கு 5.6 வாரச் சம்பளத்துடனான விடுமுறை எல்லாருக்கும் உண்டு. சில இடங்களில் அதைத் தனியே கொடுக்காமல் ஒவ்வொரு சம்பளத்திலும் 12.07 வீதம் என்று சேர்த்துக் கொடுப்பார்கள். அந்த விடுமுறைக் காசு சிலிப்பில் தனியாகத் தெரிய வேண்டும்.

சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வருகிறவர்கள் இதெல்லாம் தமக்கல்ல என்று நினைக்கக் கூடாது. கே.டி. என்று நீங்கள் எல்லாரும் சொல்லும், வேலையைக் கைமாற்றிச் சொல்லிக்கொடுக்கும் அந்தக் கூட்டங்களில், எதிரே உட்கார்ந்து பதினைந்து வருட நுணுக்கத்தை உங்களுக்குச் சொல்லித் தருகிறவர், வேலை முடிவடையும் கடிதத்தைப் பையில் வைத்திருக்கக் கூடும். அவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். நிறுவனத்துக்குள் இடமாற்றமாக வரும் விசா நேரடியாக நிரந்தர வதிவிடத்துக்கு இட்டுச் செல்லாது என்பதையும் விமானம் ஏறும் முன் தெரிந்துகொள்ளுங்கள். சேவை ஒன்று ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது, பழைய பணியாளர்கள் பழைய ஒப்பந்தத்துடனேயே புதியவரிடம் போக வேண்டும் என்கிறது டியூபீ என்ற சட்டம். அலுவலகம் கூட்டுகிறவருக்கும் அது உண்டு. ஒப்பந்தம் கைமாறுகிறது என்று கேள்விப்பட்டால் எந்தப் புதிய தாளிலும் உடனே கையெழுத்து வைக்காதீர்கள்.

பராமரிப்பு விசாவில் வந்தவர்களின் நிலைதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2022 இலிருந்து ஆயிரக்கணக்கானோர் நகையை அடகு வைத்தும் காணியை விற்றும் முகவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. வேலை தேடுகிறவரிடம் வேலை வாங்கித் தருவதற்கென்று காசு வாங்குவது இந்த நாட்டில் குற்றம். உங்கள் முதலாளியின் ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரை விசாவில் அமர்த்தும் அனுமதி, பறிபோனால் புதிய ஸ்பான்சரைத் தேட வழக்கமாக அறுபது நாள் தருவார்கள். இந்த அறுபது நாள் பயத்தைக் காட்டித்தான் குறைந்த சம்பளத்துக்கு ஆட்களைப் பிடித்துவைக்கிறார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் விசா போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேர்வது உங்கள் உரிமை. சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தத்தில் பங்குபற்றிச் சம்பளம் குறைந்தாலும் அது ஸ்பான்சர்ஷிப்பைப் பறிக்கும் காரணமாகாது. பராமரிப்புத் துறைக்கு யூனிசன், கடைகளுக்கு அஸ்டோ, களஞ்சியங்களுக்கு யுனைட், ஜி.எம்.பி. என்று சங்கங்கள் உள்ளன.

நம்மவர் கடைகளையும் பெட்ரோல் ஷெட்களையும் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி நேர்மையாக இராது. ஊர் பெயர் சொல்லி, தம்பி என்று கூப்பிட்டு, கையில் காசாகக் குறைந்த சம்பளம் கொடுக்கும் அண்ணைமார் இருக்கிறார்கள். முதல் மாதம் அது உதவியாகவே தெரியும். ஆனால் பதிவில்லாத வேலைக்கு ஓய்வூதியம் இல்லை, நோய் விடுப்பு இல்லை, பின்னர் விசாவுக்குக் காட்டவும் எதுவும் இல்லை. மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரம் இருபது மணி நேர வரம்பைத் தாண்டிவிட்டால், குறைந்த சம்பளத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் துணிவையும் சேர்த்தே இழந்துவிடுகிறார்கள்.

ஆட்குறைப்பு என்று அறிவித்தால், தொண்ணூறு நாளுக்குள் இருபது அல்லது அதற்கு மேற்பட்டவர்களை நீக்கும்போது குறைந்தது முப்பது நாளும், நூறு அல்லது அதற்கு மேல் என்றால் நாற்பத்தைந்து நாளும் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். வேலை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குப் போகும் காலவரையறை மிகக் குறுகியது. பல வழக்குகளுக்கு நெடுங்காலமாக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது. அதனால் யோசித்துக்கொண்டு இராமல், வேலைத் தகராறுகளுக்கு இலவச ஆலோசனை தரும் ஏகாஸ் நிறுவனத்தை 0300 123 1100 என்ற எண்ணில் முதல் வாரத்திலேயே அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் வேலை செய்த அந்தத் தொழிற்சாலையில், நான்கு வருடம் கழித்து எங்கள் பெயர்களும் ரோட்டாவிலிருந்து எடுக்கப்பட்டன. போலந்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு வேலை பழக்கும்படி என்னிடம் சொன்னார்கள். இரண்டு கையுறை போடும் விதத்தை முதல் நாளே காட்டிக் கொடுத்தேன். ஒரு பிஸ்கற் டின்னுக்குள் நான்கு வருடப் பே சிலிப்புகளும் இருந்தன. அவற்றை வைத்து, எடுக்காமல் விட்ட விடுமுறைக்கான காசை சங்கத்துப் பிரதிநிதி ஒருவர் வாங்கிக் கொடுத்தார்.