மலையடி வீடு, களிமண் வீடு: அடித்தளத்தில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துப் பீடோர், தாப்பா பக்கம் தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். 55 வயதில் இபிஎஃப் (சேமநிதி) பணம் கைக்கு வரும். பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கும். பின்னால் அடுப்படியை நீட்டுவோம், முன்னால் கார் நிற்க இடம் போடுவோம் என்று கொன்ட்ராக்டரைக் கூப்பிடுவார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் சுவரில் கோடு விழும். அப்புறம் யூடியூப்.

தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. தமிழில் அடித்தளம் பற்றி வரும் காணொளிகளில் பல தமிழ்நாட்டுக் கரிசல் மண்ணைப் பற்றியவை. ஆங்கிலத்தில் தேடினால் டெக்சஸ் களிமண் வரும். இரண்டும் நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண். கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரத்தில் கோடையில் நிலம் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். மாண்ட்மோரில்லோனைட் வகைக் கனிமம் அந்த மண்ணில் அதிகம் இருப்பதுதான் காரணம். அதனால் அங்கே ஈரம் மாறாத ஆழம் வரை துளையிட்டு, அடியில் குமிழ் போல அகலப்படுத்திய பைல் (நிலத்துக்குள் இறக்கும் தூண்) போடுகிறார்கள். டெக்சஸில் கோடைக்காலத்தில் வீட்டைச் சுற்றிச் சொட்டுக்குழாய் போட்டு, மண் காயாமல் தண்ணீர் விடச் சொல்கிறார்கள். அந்த மண்ணுக்கு அது சரி.

தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டுச் சரிவின் தலையில் தண்ணீர் விட ஆரம்பித்தால் என்ன ஆகும்? நம் மலை கருங்கல் மலை. வெயிலிலும் மழையிலும் அந்தக் கல் மக்கித்தான் இந்தச் சிவப்பு மஞ்சள் மண் ஆனது. இதில் இருக்கும் களி பெரும்பாலும் கயோலினைட், அவ்வளவாக உப்பாது. இதன் குணம் வேறு. முழுக்க நனையாத வரை, துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்ச ஈரமே அவற்றை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். நன்றாக ஊறிவிட்டால் அந்தப் பிடி போய், மண் வழுக்கி இறங்கும். ஆகவே “பத்து வருசமா இந்தச் சரிவு அசையலையே” என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்தப் பத்து வருடத்தில் அது முழுக்க ஊறும் அளவுக்கு மழை விடாமல் பெய்யவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதே பீடோரிலிருந்து தெலுக் இந்தான் ரோட்டில் 40 கிலோமீட்டர் போல மேற்கே போனால் கதை தலைகீழ். செம்பனைத் தோட்டங்களுக்குக் கீழே இருப்பது கடலும் ஆறும் கொண்டுவந்து போட்ட மென்களி. உப்புவதும் சறுக்குவதும் அங்கே பெரிய பிரச்சினை இல்லை. பாரம் ஏற்றினால் தண்ணீர் மெல்லமெல்லப் பிதுங்கி வெளியேற, ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். 1885-இல் கட்டிய தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். உள்ளே தண்ணீர்த் தொட்டி, அடியில் இளகிய மண். மலையடிக்கும் மென்களிக்கும் நடுவே பழைய ஈயக்குட்டையைத் தூர்த்த நிலமும் உண்டு. மேலே மணல் தெரியும், அடியில் ஈய லம்பத்தின் (ஈயச் சுரங்கத்தின்) சேறு இருக்கும். ஆக, ஒரே மாதிரி விரிசலுக்கு மூன்று ஊரில் மூன்று காரணம். மண் எதுவென்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இரண்டடி தோண்டி எடுத்த மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும், வண்டல் சில மணி நேரம் எடுக்கும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் களி அதிகம் என்று பொருள். இது குறிப்பு மட்டுமே, பரிசோதனை ஆகாது. கட்டுமானத்துக்கு முன் குறைந்தது ஜேகேஆர் (பொதுப்பணித் துறை) புரோப் போட வேண்டும். 5 கிலோ சுத்தியலைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழவிட்டு, கம்பி ஒவ்வோர் அடி இறங்க சுத்தியல் எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணும் எளிய முறை அது. ஒரு எச்சரிக்கை: மலையடியில் கம்பி நின்றுவிட்டதும் “பாறை கிடைச்சிடுச்சு” என்று கொன்ட்ராக்டர் சந்தோசப்படுவார். கருங்கல் மலையில் மக்கிய மண்ணுக்குள் மக்காத பெரிய உருண்டைக் கல் மிதப்பது சகஜம். கம்பி நின்றது அதன் தலையிலாக இருக்கலாம், அதற்குக் கீழே திரும்பவும் இளமண். ஒரு மூலையில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத் தூண் இறக்குபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு மூலையிலும் போட்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மாடி எடுக்கிறீர்கள், அல்லது சரிவு பக்கத்திலேயே இருக்கிறது என்றால் முறையான துளைச் சோதனைதான்.

பின்கட்டு அடுப்படி

விரிசல் என்று கூப்பிடும் வீடுகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். மென்களி நிலத்துத் தாமானில் மேம்பாட்டாளர் வீட்டைப் பைல் மேல் நிறுத்தியிருப்பார். நாம் பின்னால் நீட்டுவது வெறும் தரைமேல் கான்கிரீட். பழைய பாதி நகராது, புதுப் பாதி இறங்கும். இரண்டும் சேருமிடத்தில் மேலிருந்து கீழ்வரை கோடு விழும், கூரை இணைப்பில் ஒழுகும்.

இதற்குக் கொன்ட்ராக்டர்கள் கண்டுபிடித்த வழி இன்னும் மோசம். பழைய தூணில் துளையிட்டுக் கம்பி சொருகிப் புதுச் சுவரை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். “இப்ப நகராது பாருங்க” என்பார்கள். நகரும். இறங்குகிற பாதி, நிற்கிற பாதியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். விரிசல் இணைப்பை விட்டுவிட்டு நடுவீட்டுக்குள் வரும். செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. புதுப் பகுதிக்கும் பழைய வீடு நிற்கும் அதே உறுதியான மண்வரை பைல் இறக்குங்கள். முடியாவிட்டால் இரண்டையும் ஒட்டாமல் தனித்தனியாக நிறுத்தி, நடுவே விரல் அகல இடைவெளி விட்டு, வளைந்துகொடுக்கும் பசையால் அடையுங்கள். புதுப் பகுதிக்குத் தனித் தூண், தனி உத்தரம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் இறங்கினாலும் தனியாக இறங்கும்.

பாக்காவ் (சதுப்புநில மரம்) கட்டையைப் பைலாக இறக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நிலத்தடி நீருக்குள்ளேயே எப்போதும் இருந்தால் அது பல காலம் கெடாது. பக்கத்தில் ஆழமாக லோங்காங் (வடிகால்) வெட்டி நீர்மட்டம் இறங்கிவிட்டால் கட்டையின் தலை காற்றுப் பட்டு உளுத்துவிடும்.

வெள்ளத்துக்குப் பயந்து நிலத்தை மேடு பண்ணுவதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் உயரம் கொட்டிய மண்ணின் எடை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன். சாதாரண ஒற்றைமாடி வீட்டின் பாரத்துக்குக் குறையாது. அதாவது வீடு கட்டுவதற்கு முன்பே ஒரு வீட்டை மென்களி மேல் ஏற்றி வைத்தாயிற்று. பைல் மேல் வீடு அப்படியே நிற்க, சுற்றிலும் தரை இறங்கும். வாசல்படி அந்தரத்தில் தொங்கும், சாக்கடைக் குழாய் உடையும், கார் நிற்கும் தளத்துக்கு அடியில் பொந்து விழுந்து எலியும் பாம்பும் குடியேறும். இறங்கிய தளத்தின் மேல் மறுபடி சிமெண்டு ஊற்றி மேடாக்குகிறோம். அதுவும் பாரம்தான், இன்னும் இறங்கும். தளத்தை வீட்டோடு ஒட்டாமல் பிரித்துப் போட்டு, குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் வளையும் இணைப்பு வைப்பது புத்திசாலித்தனம்.

மலையடியில் தண்ணீர்

சரிவில் மனை வாங்கினால் பாதியை வெட்டி, வெட்டிய மண்ணை எதிர்ப்பக்கம் தள்ளிச் சமதளம் ஆக்குவார்கள். வீட்டின் ஒரு கால் கன்னி மண்ணில், மறு கால் தள்ளிவிட்ட மண்ணில். தள்ளிய மண்ணை ஓரடி அளவு அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கியிருந்தால் தப்பிக்கலாம். லாரியில் கொட்டி மேலே ஒரு தடவை உருளை ஓட்டியிருந்தால் தப்ப முடியாது. தோட்ட நிலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய செம்பனையைச் சாய்த்து அப்படியே புதைத்து மூடிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் அடிமரம் அழுகிக் குழி விழும், கறையானும் வந்து சேரும். மனை வாங்குமுன் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று பழைய தோட்டக்காரர்களை விசாரியுங்கள். மண்டோராக (தோட்ட மேற்பார்வையாளராக) இருந்தவருக்கு எங்கே பள்ளம், எங்கே ஊற்று என்று மனப்பாடமாகத் தெரியும். எந்த வரைபடத்திலும் அது இருக்காது.

தாங்குசுவர் விஷயத்தில் எல்லாரும் கனத்தைப் பார்க்கிறோம், துளையைப் பார்ப்பதில்லை. மூன்று மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பி நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அந்தத் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய நாலரை டன் விசையில் தள்ளும். மண்ணின் தள்ளல் தனி. சுவருக்குப் பின்னால் சரளைக்கல், அது அடைக்காதபடி வடிதுணி, சுவரில் வரிசையாகக் கசிவுத் துளை, அடியில் வடிகுழாய் ஆகிய நான்கும் இல்லாத சுவர் எவ்வளவு தடித்தாலும் நம்பக்கூடாது. பிறகு அந்தத் துளைகளைக் கரப்பான் வருகிறது என்று சிமெண்டால் அடைத்துவிடுகிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்! கம்பிக்கூடையில் கல் நிரப்பிய சுவர் பார்க்க முரடாக இருந்தாலும், தண்ணீரைத் தானாகவே விட்டுவிடும். சின்ன உயரத்துக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

கூரைத் தண்ணீரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மாலை 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். நம் பக்கம் இப்படிப்பட்ட மாலைகள் எத்தனை! பீலி இல்லாமலோ, குழாயைச் சரிவின் தலையில் திறந்துவிட்டோ இருந்தால் அத்தனையும் அஸ்திவாரத்துக்கும் சரிவுக்கும்தான் போகிறது. மூடிய குழாயில் கீழ் லோங்காங் வரை கொண்டுபோய் விட வேண்டும். மலக்குழித் தொட்டியின் கசிவும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். உலு கிள்ளானில் 1993 டிசம்பர் 11-இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். அதன் பின்னால் இருந்த சரிவில் சரியாக வடியாத தண்ணீரும் தாங்காத சுவர்களும் அதற்கான காரணங்களில் முக்கியமானவை.

சரிவில் வாழை நடாதீர்கள், வேர் ஆழம் போகாது, பாரம் மட்டும் கூடும். மரவள்ளியும் வேண்டாம், பிடுங்கும்போதெல்லாம் மண் இளகும். வெட்டிவேர் நல்லது. எல்லாவற்றையும் விட, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று சரிவின் அடியைச் சுரண்டாதீர்கள். மேலே இருப்பதைத் தாங்கிப் பிடிப்பதே அந்த அடிமண்தான்.

ரிப்பேர்

விரிசல் கண்டவுடன் பூசுவதுதான் வழக்கம். பூசினால் அது வளர்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் வழி போய்விடும். இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், மாதம் ஒருமுறை அகலத்தை அளந்து எழுதுங்கள். முடி அளவுக் கோடு பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருவது. கதவு, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் இணைப்பில் படிப்படியாக இறங்குவது, மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருப்பது, இவை அடித்தளம் நகர்வதைச் சொல்கின்றன. 5 மில்லிமீட்டரைத் தாண்டினால், அல்லது அளவு கூடிக்கொண்டே போனால், பொறியாளர் வாரியத்தில் பதிந்த நிலத்தொழில்நுட்பப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இலவசமாக வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் பசை ஊசி விற்பவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குழாய்க் கசிவையும் வடிகாலையும் சரிசெய்த பிறகு பல விரிசல்கள் தாமாகவே நின்றுவிடும். அதுவரை பெரிய செலவு வேண்டாம்.

அடித்தளத்துக்கு அடியில் புதுக் கான்கிரீட் ஊற்ற வேண்டி வந்தால் முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்ட விடாதீர்கள். சுமார் ஒரு மீட்டர் துண்டாக, இடையில் விட்டுவிட்டு, முந்தியது இறுகிய பிறகே அடுத்தது. வீட்டின் பாதியை மட்டும் அப்படி இறுக்கினாலும் அடுப்படிக் கதைதான் திரும்பும்.

இவையெல்லாம் அவகாசம் இருக்கும்போது. சரிவின் மேலே நிலம் வளைவாகப் பிளப்பது, தாங்குசுவர் வயிறு தள்ளுவது, மின்கம்பமோ மரமோ புதிதாகச் சாய்வது, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று சேறாக வருவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் ஆளை அழைத்துக்கொண்டு வெளியே வந்து 999-க்கு அடியுங்கள். பொருள் எடுக்கத் திரும்ப உள்ளே போக வேண்டாம்.

கடைசியாக, வங்கிக் கடனோடு சேர்த்து எடுத்த வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிலம் அமுங்குவதும் மண் சரிவதும் சாதாரணமாக அதில் அடங்காது. கூடுதல் பணம் கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. அந்த வரி இருக்கிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். பெர்மிட் இல்லாமல் நீட்டிய அடுப்படிக்கு அது பொருந்துமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.