வேட்பாளரின் வாக்குறுதியை எடைபோடுவது எப்படி? கல்வி, மருத்துவம், தொழிலாளர்

துண்டறிக்கை கைக்கு வந்ததும் கல்வி, மருத்துவம், தொழிலாளர் பற்றிய வரிகளைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் முதலில் குறிக்க வேண்டியது, அது யார் கையில் இருக்கும் அதிகாரம் என்பதை. பலரும் இதை விட்டுவிட்டு "செய்வாரா, மாட்டாரா" என்று நேராக வாதாடப் போய்விடுகிறார்கள்.

அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லையென்றால் மாநில அரசைத்தான் கேட்க வேண்டும். கல்வியோ 1976இல், 42ஆவது திருத்தத்தால், மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. அங்கே மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றால்தான் நிற்கும். நீட் விலக்கு மசோதாக்கள் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியும் நடைமுறைக்கு வராததற்குக் காரணம் இதுதான். ஆகவே "நீட்டை ஒழிப்பேன்" என்பவரிடம் வழியைக் கேளுங்கள்: இன்னொரு மசோதாவா, வழக்கா, நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தமா?

தொழிலாளர் விஷயத்தில்தான் மழுப்பல் அதிகம். "உழைப்பவர் பக்கம் நிற்பேன்" என்பதை ஒரு நிலைப்பாடாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் உள்ளன. ஆட்குறைப்புக்கோ ஆலை மூடலுக்கோ அரசின் முன் அனுமதி கட்டாயம் என்ற வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகிவிட்டது. இதை ஏற்கிறாரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்ட 12 மணி நேர வேலை மசோதா பற்றியும் கேளுங்கள். அப்போது அவர் உறுப்பினராக இருந்திருந்தால் அவை நடவடிக்கைக் குறிப்பில் அவர் பேசியதைத் தேடுங்கள். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு இருக்காது.

அடுத்தது பணம். வாக்குறுதிக்கான நிதி எங்கிருந்து வரும் என்பதைத் தேர்தல் அறிக்கை சொல்ல வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. கட்டடத்துக்கு ஒருமுறை செலவழித்தால் போதும், ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் வகுப்பறை கட்டலாம், ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாது. "பள்ளியை மேம்படுத்துவேன்" என்றால் இரண்டில் எது என்று பிரித்துக் கேளுங்கள்.

தேர்தல் ஆணைய இணையதளத்தில் அவருடைய சொத்து விவரங்கள் அடங்கிய படிவம் 26 பிரமாணப் பத்திரம் கிடைக்கும். சுயநிதிக் கல்லூரி, தனியார் மருத்துவமனை, ஆலை ஆகியவற்றில் அவருக்கோ துணைவருக்கோ பங்கு உண்டா என்று பாருங்கள். அறக்கட்டளை பெயரில் உள்ள சொத்து இதில் தெரியாமல் போகலாம்.

உள்ளூர்ப் பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் எத்தனை பணியிடம் காலி என்ற எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பொதுப்படையான பதில் சொல்லித் தப்ப முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு அதைக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. இறுதி வேட்பாளர் பட்டியலுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே பெரும்பாலும் அத்தனை நாள் கிடைக்காது. தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள்.